காதுக்குள் ஒரு பயணத்துணை

வடக்குக்கும் கொழும்புக்குமாக மாதத்தில் இரண்டு தடவையேனும் போய்வரும் பெண்களில் நானும் ஒருத்தி. அலுவலகம் வெள்ளவத்தையில், களப்பணி கிளிநொச்சி மாவட்டத்தில். இடையில் கிடப்பது 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பாதை. புகையிரதம் ஓடுகின்ற காலங்களில் புகையிரதம். பாதை திருத்த வேலைகளுக்காக 2023இலும் 2024இலும் இடையிடையே அது நின்றபோது புத்தளம் வழியாகச் செல்லும் இரவு பஸ்.

அந்த பஸ்ஸில் ஏறியவர்களுக்கு ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சிலாபம் தாண்டும்வரை ஒரு படம், அதன்பின் சாரதியின் விருப்பப் பாடல்கள். அவர் நித்திரை கொள்ளாமல் இருப்பதற்காகவே பாட்டுப் போடுகிறார் என்று நடத்துநர் சொல்லும்போது நாம் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காதையும் மூடிக்கொள்ள வேண்டுமல்லவா? ஹெட்போன் என்ற பொருளை நான் ஆடம்பரமாக நினைக்காததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் தொழில். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களைச் சந்தித்து, அவர்களது சம்மதத்துடன் பேச்சை ஒலிப்பதிவு செய்து, பின்னர் கேட்டு எழுதுவது என் வேலையில் பாதி. திரும்பி வரும் பிரயாணத்திலேயே ஒரு தடவை கேட்டு முடித்தால் வேலை இலகுவாகும். ஆனால் ஒரு பெண் என்னை நம்பிச் சொன்ன கடன் கதையோ, கணவனைப் பற்றிய கதையோ பக்கத்து ஆசனக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாது. ஆகவே எனக்கு வேண்டிய ஹெட்போனுக்கு மூன்று குணங்கள் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது வெளியே கசியக் கூடாது, பேச்சு தெளிவாக விளங்க வேண்டும், என் காது கெடக் கூடாது. பாட்டு நன்றாகக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கோடு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் கடைக்காரர்களின் கணக்கு வேறாக இருக்கும். "தங்கச்சி, இத போட்டுப் பாருங்க, பேஸ் அடிக்கும் பாருங்க" என்று ஒரு நானா பெட்டியைத் திறந்தார். அடித்தது உண்மைதான். மேளம் நெஞ்சுக்குள் இடித்தது, பாடுகிறவரின் குரலோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. நான் எனது கைத்தொலைபேசியில் கொண்டுபோயிருந்த ஒரு நிமிடப் பேச்சுப் பதிவைப் போட்டுக் கேட்டேன். நானாவுக்குச் சிரிப்பு. "பாட்டு இல்லையா மிஸ்?" என்றார். தங்கச்சி அந்தக் கணத்தில் மிஸ் ஆகிவிட்டாள்! ஆனாலும் பொறுமையாக நான்கு வகைகளைக் காட்டினார். கடையில் போடும் பாட்டைக் கேட்டு வாங்குவதிலும் பார்க்க, நமக்கு நன்கு பழக்கமான ஒரு குரலைக் கொண்டுபோய்க் கேட்டு வாங்குவதே நல்லது. அம்மாவின் குரல் செய்தி ஒன்று போதும். அம்மா அம்மாவாகவே கேட்கிறாரா என்று பார்த்தால் சரி. பிரபலமான பெயர் பொறித்துச் சில நூறு ரூபாய்க்கு நடைபாதையில் விற்கப்படுபவை அந்த நிறுவனத்தினுடையவை அல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தலையைச் சுற்றிக் காது முழுவதையும் மூடும் வகை வீட்டிலிருந்து எழுதுவதற்கு மிக நல்லது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் எமது பெண்களை நினைத்திருப்பார்களா என்பது சந்தேகம். தோட்டின் திருகாணியை அரை மணித்தியாலம் கழுத்துப் பக்கமாக அழுத்தினால் தலைவலி வந்துவிடும். கொண்டை போட்டால் வளையம் சரியாக உட்காராது. மூக்குக்கண்ணாடியின் காம்பு இடையில் நுழைந்து ஓர் இடைவெளியை உண்டாக்கும், அதனால் வெளிச் சத்தம் உள்ளே வரும். முக்காடு அணியும் எனது சக உத்தியோகத்தர் துணிக்கு மேலேயே அதை மாட்டுவார். அப்போது ஒலி மங்குகிறது என்பது அவர் முறைப்பாடு. கிளிநொச்சி வெயிலில் வியர்வை வேறு. பின்புறம் துளைகளுடன் திறந்திருக்கும் ஹெட்போன்களும் உண்டு. அவற்றின் ஒலி இயல்பாக இருக்கும் என்று இசை தெரிந்தவர்கள் விரும்புவார்கள். பயணத்துக்கு அவை உதவா. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கேட்கும்.

ஆகவே பயணத்துக்குக் காதுத் துவாரத்தில் பொருத்தும் இயர்போனே என் தெரிவு. அதனுடன் பெட்டியில் வரும் சிலிக்கன் நுனிகளைப் பலர் திறந்தும் பார்ப்பதில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சோடி இருக்கும். நுனி சரியாகப் பொருந்தாவிட்டால் முதலில் காணாமற்போவது கீழ்ஸ்தாயி ஒலி, அதாவது மேளமும் தபேலாவும். "இது மலிவுச் சாமான், சத்தம் தகரம்போல இருக்கிறது" என்று தூக்கி வைத்த இயர்போனுக்கு ஓர் அளவு பெரிய நுனியைப் போட்டுப் பாருங்கள். பல வேளை அது வேறொரு இயர்போன் ஆகிவிடும். இரண்டு காதும் ஒரே அளவாக இருப்பதில்லை. எனக்கு வலக்காதுக்கு நடுத்தரம், இடக்காதுக்குச் சிறிது. இந்த நுனிகளை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் போடவேண்டும். பிறர் காதிலிருந்ததை அப்படியே வாங்கிப் போடுவதும் கூடாது.

வயரா, புளூடூத்தா என்று கேட்பார்கள். வயர் பின்னலில் சிக்கும், தோள்பையின் வாரில் சிக்கும். புளூடூத் சிக்காது, ஆனால் சார்ஜ் கேட்கும். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மறந்தவர் யார்? அந்த நாட்களில் என் வயர் இயர்போன்தான் வேலை செய்தது. இன்று இரண்டும் என் பையில் இருக்கின்றன. வயர் குத்தும் வட்டத் துளை இப்போது பல கைத்தொலைபேசிகளில் இல்லை. சார்ஜ் துளையில் பொருத்தும் சிறு இணைப்பி ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும்.

ஹெட்போனின் வரலாற்றில் சமையலறைக்கும் ஓர் இடமுண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் போல்ட்வின் என்பவர் 1910இல் தமது வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்போன்களையே அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. வெளி இரைச்சலை அழிக்கும் ஹெட்போனின் கதை ஒரு பயணத்தில் தொடங்குகிறது. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குப் பறந்தபோது விமான இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் தவித்து, ஆசனத்தில் இருந்தபடியே கணக்குப் போடத் தொடங்கினாராம். அவரது நிறுவனம் 1989இல் விமானிகளுக்கும் 2000ஆம் ஆண்டில் சாதாரணப் பயணிகளுக்கும் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹெட்போனிலுள்ள சிறு ஒலிவாங்கி வெளி இரைச்சலைப் பிடிக்கிறது. அந்த அலைக்கு நேர்மாறான அலையை உள்ளே உண்டாக்க, இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன.

ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலில்தான் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். பஸ்ஸின் இயந்திர உறுமல், குளிரூட்டியின் ஓசை, புகையிரதச் சக்கரங்களின் அடிநாதம் எல்லாம் அடங்கும். பக்கத்தில் அழும் குழந்தையும் ஹோர்னும் சாரதியின் பாட்டும் முழுதாக அடங்கா. இதை அறியாமல் பெரும் பணம் கொடுத்து வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. இருந்தாலும் அந்த உறுமல் குறைவதே காதுக்குப் பெரிய உதவி. உறுமலை வெல்லத்தானே நாம் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கிறோம்!

இங்கேதான் கவனம் வேண்டும். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம். 100 டெசிபெல் என்றால் 20 நிமிடம் மட்டுமே. ஓர் இரவுப் பயணமே எட்டு மணித்தியாலத்துக்கு மேல். உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. என் வழக்கம் இதுதான்: பஸ் புறப்படுமுன், இரைச்சல் இல்லாதபோதே, பேச்சு விளங்கும் அளவுக்குச் சத்தத்தை வைத்துவிடுவேன். அது உச்ச அளவில் அறுபது வீதத்தைத் தாண்ட விடுவதில்லை. வழியில் கேட்காவிட்டால் நுனியைச் சரிசெய்வேன், அல்லது கழற்றி வைத்துவிட்டு நித்திரை கொள்வேன்.

சத்தத்தைக் கூட்டாமல் தெளிவைக் கூட்ட ஒரு வழி ஈகுவலைசர். கைத்தொலைபேசியின் ஒலி அமைப்புகளில் வரிசையாக நிற்கும் கோடுகள்தான் அவை. இடப்பக்கம் தாழ்ந்த ஒலி, வலப்பக்கம் உயர்ந்த ஒலி. வீட்டுத் திண்ணையில் பதிந்த பேச்சில் காற்றும் தூரத்து உழவு இயந்திரமும் கலந்திருக்கும். அவை பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸ், 200 ஹேர்ட்ஸ் பக்கத்தில். முதலில் அந்தக் கோடுகளை இறக்குங்கள். பின்னர் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான இடத்தைச் சற்றே உயர்த்துங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெருமளவு அங்கேதான் இருக்கிறது. வயல் என்றாரா, வாழை என்றாரா, வாளை என்றாரா என்ற மயக்கம் தீரும். 'ச'வும் 'ஸ'வும் காதைக் கீறினால் 6000க்கு மேல் கொஞ்சம் குறைக்கலாம். எதையும் ஏற்றுவதிலும் பார்க்க, வேண்டாததை இறக்குவது நல்லது. ஏற்றிக்கொண்டே போனால் ஒலி உடையும்.

இனி, தனியே பயணம் செய்யும் பெண்ணின் காதைப் பற்றிப் பேசவேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வொன்று, பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக இலங்கைப் பெண்களில் 90 வீதமானோர் கூறியதைக் காட்டியது. காதில் ஏதாவது இருந்தால் வீண் பேச்சுக் கொடுப்பவர்கள் குறைவு என்பதால் பல பெண்கள் பாட்டே இல்லாமல் இயர்போனை மாட்டிக்கொள்கிறார்கள். நானும் செய்வதுண்டு. அது நல்ல வேலி. ஆனால் பின்னால் வருபவரின் காலடியும், "அக்கா, உங்கட பை" என்று எச்சரிக்கும் குரலும் அந்த வேலிக்கு வெளியே நின்றுவிடக் கூடாது. இருட்டியபின் பஸ் தரிப்பிடத்திலும் தெருவிலும் எனக்கு ஒரு காது எப்போதும் திறந்தே இருக்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்பவர்கள் கைத்தொலைபேசியின் அணுகல் வசதிகளில் 'மோனோ' என்று இருப்பதை இயக்கிவிடுங்கள். அப்போது இடம், வலம் என்று பிரிந்து வரும் ஒலி ஒன்றாகி அந்த ஒரு காதுக்கே முழுதாக வரும்.

தண்டவாளத்தின் பக்கம் இரண்டு காதும் திறந்திருக்கட்டும். வெள்ளவத்தையில் கடற்கரைத் தண்டவாளத்தின் மேலால் நடப்பவர்களில் காதில் வயர் இல்லாத இளைஞரைக் காண்பது அரிது. வடக்கிலோ 1990இல் நின்ற புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது 2014 ஒக்டோபரில். 24 ஆண்டுகள் அந்தச் சத்தமே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. காவலற்ற கடவைகளில் நேர்ந்த மரணச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் காதுதான் நினைவுக்கு வரும். எலும்பு வழியாக ஒலியைக் கடத்தி, காதுத் துவாரத்தைத் திறந்தே விடும் ஹெட்போன்களும் இப்போது கிடைக்கின்றன. நடைக்கு நல்லவை, பஸ் இரைச்சலில் எடுபடா.

புகையிரதத்தில் நான் இயர்போனைக் கழற்றிவிடும் இடங்களும் உண்டு. பொல்காவலைக்கும் மாகோவுக்கும் இடையே இறால் வடைக்காரர் கூவிக்கொண்டு வருவார். பார்வையற்ற பாடகர் ஒருவர் றபானைத் தட்டிப் பாடிக்கொண்டு பெட்டி பெட்டியாக வருவார். எந்த ஹெட்போனிலும் அது கிடைக்காது.

மோனோவைப் பற்றிச் சொன்னேன். பரந்தனுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஓர் அம்மா இருக்கிறார். 2009இல் ஷெல் விழுந்தபோது இடக்காது போய்விட்டது. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் பழைய பாடல்களை அனுப்புவார். "பாட்டு பாதிதான் வருது பிள்ளை. மற்றப் பாதி அவன் அனுப்பேல்லையோ தெரியாது" என்றார். அவரது கைத்தொலைபேசியில் மோனோவைப் போட்டு, என் வயர் இயர்போனில் புது நுனி மாட்டி வலக்காதில் வைத்தேன். சத்தம் குறைவாகத்தான் இருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இதுக்கை வயலினும் இருக்கோ?" என்றார்.

மிஞ்சியிருக்கும் காதைச் சோதிக்கவேண்டும் என்பதால், ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகும் நாளைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். பிறகு வயரைத் தடவிப் பார்த்து விலை கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றேன்.

"மகனுக்குச் சொல்லிப் போடாதேங்கோ பிள்ளை. அவன் பெரிசா ஒண்டு வாங்கி அனுப்பிப் போடுவான். எனக்கு இந்த வயலின் காணும்" என்றார்.