ஏரியலைக் குறைத்த பெரியப்பா

அப்புத்தளைக் கடைத்தெருவில் எனது பெரியப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையின் உள்ளறையில் வால்வுகள் கொண்ட பழைய மேசை வானொலி ஒன்று இருந்தது. மாலையில் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வருபவர்கள் செய்தி கேட்டுவிட்டே லயன்களுக்குத் திரும்புவர்.

மலையகத் தமிழருக்குச் செய்தி வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எங்களைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கலில் கிடந்தது. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்பதையே வானொலியில் கேட்டறிய வேண்டியவர்களாக இருந்தோம்.

பகலில் அப்பெட்டி ஒழுங்காகவே பாடும். இரவில் பி.பி.சி. தமிழோசைக்காக முள்ளைத் திருப்பினால் பல மொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். இடையிடையே விசில் ஓசை வேறு. ஏரியல் போதவில்லை என்று எண்ணிய பெரியப்பா, கூரையிலிருந்து எதிர்மேட்டு யூக்கலிப்டஸ் மரம்வரை கம்பியை நீட்டினார். இரைச்சல் இரட்டிப்பாயிற்று.

பண்டாரவளையிலிருந்து வந்த வானொலி திருத்துநர் சற்று நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முதலாளி, உங்கள் பெட்டிக்குக் காது மந்தமில்லை. தேவைக்கு மேல் கேட்கிறது."

அவர் சொன்னது விஞ்ஞான உண்மை. தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் சூரிய ஒளியால் உருவாகும் அயனிப் படலம், மத்திய அலையையும் சிற்றலையின் கீழ்ப்பகுதியையும் பகலில் உறிஞ்சிவிடுகிறது. இருட்டியதும் அப்படலம் கலைகிறது. அலைகள் அதற்கு மேலுள்ள படலங்களில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி வருகின்றன. நீண்ட கம்பி அவை அனைத்தையும் அள்ளிவந்து வாசலில் கொட்டுகிறது. முதல் வால்வு அந்தச் சுமையில் திணறி, வேண்டிய நிலையத்தையும் வேண்டாததையும் கலந்துவிடுகிறது.

மருந்து எளிமையானது. கம்பியைப் பாதியாக வெட்டினார். பழைய பெட்டியொன்றிலிருந்து கழற்றிய சிறிய மாறு கண்டென்சரை, ஏரியல் கம்பிக்கும் பெட்டியின் ஏரியல் முனைக்கும் இடையே தொடராக இணைத்தார். அதன் குமிழைத் திருப்பினால் உள்ளே வரும் அலையின் அளவு குறையும். முதல் சுற்றின் தெரிவு கூர்மையாகும். உள்ளே மின்மாற்றி இருப்பதை உறுதிசெய்த பின்னரே, நில முனையிலிருந்து கம்பி இழுத்து, ஈரமண்ணில் புதைத்த இரும்புக் குழாயில் கட்டினார். இடி மின்னல் வேளைகளில் ஏரியலைக் கழற்றிவிடுமாறும் எச்சரித்தார். அன்றிரவு தமிழோசை சற்றுத் தாழ்ந்த குரலில் ஒலித்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அந்தத் திருத்தத்தின் பெறுமதி 1983 ஜூலையில் தெரிந்தது. கொழும்பு எரிந்துகொண்டிருந்தது. 27ஆம் திகதி வன்முறை பதுளைக்கும் பண்டாரவளைக்கும் வந்தது. உள்நாட்டில் செய்தித் தணிக்கை, வெளியே ஊரடங்கு, ஊரெங்கும் வதந்தி. பெரியப்பா கதவுகளைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டார். வீதியில் இறங்குவதா, பிள்ளைகளுடன் உள்ளேயே இருப்பதா என்பதை வதந்தியை வைத்து முடிவுசெய்ய அவர் மறுத்தார். நாங்கள் உள்ளேயே இருந்தோம்.

பின்னாளில் பத்திரிகை அலுவலகத்தில், கலவர இரவுகளில் தொலைபேசிகள் ஓயாது அலறும்போதெல்லாம் அந்தத் திருத்துநரின் சொல் நினைவுக்கு வரும். தகவல் இல்லாமையைவிட, தகவல் மிகுந்து ஒன்றோடொன்று கலந்துபோவதே அச்சுக்குப் போகும் செய்தியை அதிகம் கெடுத்திருக்கிறது.

தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. இன்று செய்தி கைத்தொலைபேசியில் வந்து குவிகிறது. இரவு பகல் என்ற பேதமும் இல்லை. கம்பியை இன்னும் நீட்டுவதற்கு எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். வெட்டுவதற்குச் சொல்லித்தருபவர்தான் அரிது.