அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு?

இந்தக் கோடை விடுமுறையில் ஐந்து நாவல்கள் படித்தேன். சில மறுவாசிப்பு, சில முதல்முறை. விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் பரளச்சிக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். சொட்டு மருந்து விட ஆள் வேண்டும், புகைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். பகலெல்லாம் கரிசல்காட்டு வெக்கையில் திண்ணையை விட்டு நகர முடியாது. இருட்டிய பிறகு வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால்தான் உடம்பில் உயிர் வரும். முதல் நாள் நான் புத்தகத்தை எடுத்ததும் அம்மா கேட்டாள்: “அதுல என்னதான்த்தா எழுதியிருக்கு? எனக்கும் படிச்சுக் காட்டு.”

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், ஆனால் நாவல் என்று ஒன்றைக் கையில் எடுத்ததில்லை. நானோ நாவல்களில் முனைவர் பட்டம் வாங்கியவள். என் ஆய்வேட்டில் ‘பெண் பாத்திரப் படைப்பு’ என்று ஓர் இயல் உண்டு. அதைப் படித்து யாரும் அழுததாகத் தகவல் இல்லை.

முதலில் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’. ‘மாதொருபாகன்’ வழக்கில் 2016இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அவர் வெளியிட்ட முதல் நாவல். ஒரு கிழவன் கிழவி வீட்டுக்கு வந்துசேரும் கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியின் கதை. ஆடு வளர்த்தவளுக்கு ஆட்டுக் கதைதான் சரி என்று அதை எடுத்தேன். பூனாச்சி ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் இடம் வந்தபோது அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “ஏழா? ரெண்டு காம்பு வச்சிருக்கிற உசுருக்கு ஏழு குட்டியா? எழுதுனவுக ஆடு மேய்ச்சவுகதானா?” எங்கள் பக்கத்துக் கன்னி ஆடும் கறுப்புதான், முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு ஓடும். பெரும்பாலும் இரண்டு போடும், சில ஈற்றில் மூன்று. அவர் கொங்கு நாட்டில் ஆடுமாடுகளோடு வளர்ந்தவர்தான், இது அதிசய ஆடு என்று விளக்கினேன். அம்மா சமாதானமாகவில்லை. ஆனால் குட்டிகளுக்கு அரசாங்கம் காது குத்தி அடையாளம் இடும் இடத்தில், ஜனம் வரிசையில் நின்று வாய்பொத்தி நிற்கும் இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஊரில் சிலருக்கு ஆடு கிடைத்தது. காதில் தோடுபோல வில்லை மாட்டி விட்டிருந்தார்களாம். “தோடு தொலைஞ்சா ஆட்டுக்குக் கணக்கில்ல, ஆளுக்குத்தான் கணக்கு” என்றாள்.

பூனாச்சியைக் கிழட்டுக் கிடாயிடம் விடும் பக்கத்தை நான் கொஞ்சம் வேகமாகப் படித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “மெதுவாப் படி” என்று மட்டும் சொன்னாள்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை அம்மாவுக்குப் படிக்கவில்லை. 2004இல் வந்தபோது படித்தது. இந்தமுறை அம்மா தூங்கிய பிறகு தனியாகப் படித்தேன். அதில் பெண்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் கொச்சையும் கேலியும் அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் கூச்சம் எனக்குத்தான். களையெடுப்பிலும் மிளகாய்ப் பழம் பறிக்கையிலும் அம்மாவும் அவள் கூட்டாளிகளும் பேசிய பேச்சுக்கு சல்மாவின் பெண்கள் பிச்சை வாங்க வேண்டும். அந்த நாவலை ‘இஸ்லாமியப் பெண்களின் அவல வாழ்க்கை’ என்று ஒரு வரியில் பாடக்குறிப்பு எழுதிக்கொடுத்தவள் நான். அது தவறு. அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள், ஒருத்தி உடம்பை ஒருத்தி கிண்டல் செய்கிறார்கள், சினிமா பார்க்கத் திருட்டுத்தனம் பண்ணுகிறார்கள். அதனால்தான் பிர்தவ்ஸுக்குப் பெற்ற தாயே விஷம் கொடுக்கும் இடம் தாங்க முடியாததாகிறது. பேசிக்கொண்டே இருந்த ஒருத்தி சட்டென்று பேசாமல் போகிறாள். அழுதுகொண்டே இருக்கும் பாத்திரம் செத்தால் வாசகருக்கு ஒன்றும் குறைவதில்லை.

‘பூக்குழி’ வகுப்புக்காக. 2013இல் வந்த நாவல். தருமபுரி இளவரசன் ரயில் தண்டவாளத்தின் ஓரம் இறந்துகிடந்ததும் அதே ஆண்டு ஜூலையில்தான். சாதி மாறிக் கல்யாணம் செய்து குமரேசனின் ஊருக்கு வரும் சரோஜா கடைசியில் முள்புதருக்குள் ஒளிந்திருக்க, ஊரே சுற்றி நின்று தீ வைக்கிறது. எங்கள் பக்கத்தில் பூக்குழி என்றால் நேர்த்திக்கடன். பங்குனியில் மஞ்சள் சேலை கட்டிப் பெண்கள் இறங்குவது. “மனசு சுத்தமா இருந்தாச் சுடாதுன்னு எங்கம்மா சொல்லும் மிஸ்” என்றாள் ஒரு மாணவி. “அப்ப சரோஜாவுக்கு ஏன் சுட்டுச்சு?” இன்னொருத்தி, “அவ ஏன் எங்கயும் ஓடல? பஸ் ஏறியிருக்கலாம்ல?” என்று கோபமாகக் கேட்டாள். நான் கட்டமைப்பு, துன்பியல் முடிவு என்று என்னவோ சொன்னேன். அவள் கேட்டது இலக்கியக் கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த வகுப்பில் அறுபது பேர். எத்தனை பேர் எந்த பஸ்ஸுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று யார் கண்டது. நாவல் சரோஜாவுக்கு மிக நெருக்கமாக நிற்கிறது, அவள் பயம் முழுக்க நமக்கு வந்துவிடுகிறது. ஆனால் பயத்தைத் தவிர வேறொன்றையும் அவளுக்குக் கொடுக்கவில்லையோ என்று மூன்றாம் வாசிப்பில் தோன்றுகிறது.

நான்காவது ஹான் காங். 2024இல் நோபல் பரிசு கிடைத்த பிறகு எல்லாரும் தேடியதுபோல நானும் தேடி வாங்கினேன். சமயவேல் மொழிபெயர்ப்பில் ‘மரக்கறி’. ஒரு கனவு கண்டு கறி சாப்பிடுவதை நிறுத்திவிடும் பெண்ணின் கதை. மூன்று பகுதிகள். முதலில் கணவன் சொல்கிறான். அடுத்த பகுதி அக்காள் கணவனின் பார்வை, மூன்றாவது அக்காளின் பார்வை. நடுவில் இருக்கிற பெண் தன் கதையைச் சொல்வதே இல்லை. சிதறலாக வரும் கனவுகள் மட்டும் அவள் குரலில் இருக்கின்றன. கொரியாவும் கறியும் நமக்குத் தூரம் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். அவள் வாயில் அப்பன் பலவந்தமாகக் கறியைத் திணிக்கும் விருந்தில், சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பத்தில், தூரம் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது புத்தகம் பையின் அடியில் கிடந்தது. இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018இல் வந்தது, 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. வாங்கி ஐந்து வருடம் பிரிக்காமல் வைத்திருந்தேன். கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் தேநீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது மதினி தீப்பட்டுச் செத்துப்போனாள். பெரியப்பா மகனின் மனைவி. ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு. எனக்குச் சடை பின்னிவிட்டவள், என் முதல் கவிதையைக் கேட்டுவிட்டு “நல்லாத்தான் இருக்கு, புரியத்தான் இல்ல” என்றவள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். ஊரில் சொன்னார்கள். பள்ளியில் ஆசிரியை கேட்டபோது நானும் சொன்னேன். பெரியப்பா வீட்டில் இருந்தது திரி ஸ்டவ். காற்றடிக்கும் பம்பு ஸ்டவ்தான் வெடிக்கும், திரி ஸ்டவ்வில் வெடிக்க ஒன்றும் இல்லை. இயற்பியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியும். அதற்குப் பிறகும் பல வருடம் அந்த ஸ்டவ் பரண்மேல் நசுங்காமல் இருந்தது. கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. மதினிக்கு அது ஒன்பதாவது ஆண்டு. விசாரிக்க வந்தவர்கள் திண்ணையில் மோர் குடித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

அவளே ஊற்றிக்கொண்டாளா, வேறு யாருமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வந்தாலும் அது எங்கள் வீட்டுப் பதில். என் முதல் தொகுப்பில் தீயைப் பற்றி நான்கு கவிதைகள் இருக்கின்றன. கண்ணகியும் பாஞ்சாலியும் வருகிறார்கள். பெண்ணியக் கவிதை என்று பாராட்டி மதிப்புரை வந்தது. மண்ணெண்ணெய் என்ற சொல் நான்கிலும் ஓரிடத்திலும் இல்லை.

‘செல்லாத பணம்’ நாவலைக் கட்டிலில் உட்கார்ந்து மூடியே வைத்திருந்ததைப் பார்த்து அம்மாதான் “அது என்ன கதை?” என்றாள். தீப்பிடித்த பிள்ளையின் கதை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் “படி” என்றாள்.

ஆறு ராத்திரி படித்தேன். இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியை அடம்பிடித்துக் கட்டிக்கொள்கிறாள். தலைமையாசிரியராக இருந்த அப்பா நடேசன் மகளை ஒதுக்கிவிடுகிறார். பிறகு தீ, புதுச்சேரி ஜிப்மரில் தீக்காயப் பிரிவு. நாவலின் பெரும்பகுதி அந்தக் கதவுக்கு வெளியே நடக்கிறது. அப்பா, அம்மா அமராவதி, அண்ணன், அண்ணி அருண்மொழி, மற்ற நோயாளிகளின் உறவினர்கள் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சு, பேச்சு, பேச்சு. இமையம் ஒரு தரப்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போகிறவர் இல்லை. ரவியையும் பேச விடுகிறார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் அவன் பேசாமல் இருந்திருந்தால் நாவல் பொய்யாகியிருக்கும். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று அப்பா நிற்கிறார். பணம் இருக்கிறது, அது அங்கே செல்லாது. சில இடங்களில் அழுகை நீள்கிறது, அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. விமர்சகராக இருந்தால் இவ்வளவு வேண்டாம் என்று எழுதியிருப்பேன். சத்தமாகப் படித்தபோது தெரிந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஒன்றையே நூறு தடவை.

ரேவதி கதவுக்கு உள்ளே. ‘மரக்கறி’யில் நடுவில் இருப்பவள் பேசாததைப்போல இங்கேயும் நம் காதுக்கு வருவது பெரும்பாலும் மற்றவர்களின் குரல். இதை ஒரு குறையாகக் குறித்துவைத்தேன். இரண்டு நாள் கழித்து அடித்துவிட்டேன். மதினியைப் பற்றி எங்கள் வீட்டில் எத்தனை பேர் பேசினோம், அதில் அவள் பேச்சு எவ்வளவு?

ஐந்தாவது ராத்திரி ஒரு அத்தியாயம் முடிந்து தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். அம்மா கண்ணுக்கு மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இவ்வளவு பேர் பேசுறாகளே. அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு?”

இனிமேல்தான் தெரியும் என்றேன்.

“நம்ம பிள்ளை சொல்லுச்சு” என்றாள் அம்மா.

மதினியை வேனில் மதுரைக்குக் கொண்டுபோனபோது அம்மாதான் பின்னால் அவளோடு உட்கார்ந்திருந்தாள். வாழையிலை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். முன்சீட்டில் ஆம்பளைகள் யார் கேட்டால் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டு வந்தார்களாம். திருச்சுழி தாண்டியதும் மதினி கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து, “சின்னத்தை, ஸ்டவ்வுன்னு சொல்லீராதீக” என்றிருக்கிறாள். அவ்வளவுதான். பிறகு தண்ணீர் கேட்டிருக்கிறாள்.

“நீ என்னம்மா சொன்ன?”

“கேட்டாக. ஸ்டவ்வுன்னுதான் சொன்னேன்.”

தெருவில் நாய் ஒன்று குலைத்துக்கொண்டு ஓடியது. சொட்டு மருந்து விடும் நேரம் தாண்டியிருந்தது. நான் எழுந்து போய் மருந்தை எடுத்து வந்து அம்மாவின் இமையைப் பிடித்து இரண்டு சொட்டு விட்டேன். மிச்சத்தை நாளைக்குப் படிக்கலாம் என்று புத்தகத்தை மூடப் போனேன். கண்ணை மூடிக்கொண்டே அம்மா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம். இப்பவே படி.”