சுண்ணாம்புல போட்டாச்சா?

உலகக் கோப்பை கிரிக்கெட் நெருங்கினால் போதும், பம்மலில் எனக்குத் திடீர் மரியாதை வந்துவிடும். மற்ற நாட்களில் 'கொஞ்சம் தள்ளி நில்லுப்பா' என்று முழங்கையால் இடிக்கிற பல்லாவரம் ஸ்டேஷன் ஆசாமிகூட, 'சார், செமி ஃபைனலுக்கு எந்த நாலு டீம் வரும்?' என்று பவ்யமாகக் கேட்பார். நானும் பஞ்சாங்கம் பார்க்கிற ஜோசியர் மாதிரி கண்ணை மூடி, நாலு விரலை மடக்கிச் சொல்வேன். பத்திரிகையில் அவ்வப்போது எழுதுகிறேன் என்பதைத் தவிர இதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. நான் படித்தது பி.காம்.

ஆனால் ஒன்று. ஒரு கணிப்பு தப்பினால் என்ன விலை என்பது எனக்கு ரூபாய், பைசா சுத்தமாகத் தெரியும். 2,000 ரூபாய். அதில் 850 ரூபாய் என்னுடையதுகூட இல்லை.

2007-ல் வெஸ்ட் இண்டீஸில் உலகக் கோப்பை. எனக்கு 19 வயசு, பி.காம். இரண்டாம் வருஷம். 16 அணிகள், நாலு பிரிவுகள், பிரிவுக்கு நாலு அணி. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்கள் 'சூப்பர் எட்டு' சுற்றுக்குப் போவார்கள். நம் பிரிவில் இலங்கை, வங்காளதேசம், பெர்முடா. பாகிஸ்தான் பிரிவில் வெஸ்ட் இண்டீஸ், அயர்லாந்து, ஜிம்பாப்வே. யார் தேறுவார்கள் என்று சொல்ல ஜோசியம் வேண்டுமா? டெண்டுல்கர், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ், தோனி என்று ஆறு பேர் ஒரே டீமில். எதிரே பெர்முடா!

அட்டவணை போட்டவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். தரவரிசைப்படி நாற்காலிகளை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டார்கள். எதிர்பார்த்தபடி எல்லாம் நடந்தால் ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை, பார்படாஸில் இந்தியா - பாகிஸ்தான். நமக்கு இரவு 7 மணி ஆட்டம்.

தெருவில் பெரிய திரை கட்டிப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு 50 ரூபாய் வசூல். 'கணக்குப் படிக்கிற பையன், இவனே பணத்தை வெச்சுக்கட்டும்' என்று என்னைக் கேஷியர் ஆக்கினார்கள். மாலை ஒன்று போடாத குறை. புரொஜக்டர், திரை, ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து வாடகை 3,500. 'அன்னிக்கு ஊர் பூரா டிமாண்டு தம்பி, ரெண்டாயிரம் அட்வான்ஸ் வெச்சாதான் உண்டு' என்றார் வாடகைக் கடைக்காரர்.

வசூலானது 23 வீடு. 1,150 ரூபாய். மீதி 850-க்கு எங்கே போவது?

பையில் 850 ரூபாய் இருந்தது. அப்பா கொடுத்த பரீட்சை ஃபீஸ்.

அப்பாவுக்கு அப்போது தோல் ஷாப்பில் வேலை. பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டைக்காரர்களுக்குத் தோல் பதனிடும் இடங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, காற்றே சொல்லிவிடும். அப்பா வீட்டுக்கு வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அவர் சட்டையின் வாசனை வந்துவிடும். அந்த வாசனையில் சம்பாதித்த 850 ரூபாயை, 'இந்தியா ஜெயிச்சுட்டு வரட்டும், வசூல் கொட்டும், எடுத்து வெச்சுடலாம்' என்று அட்வான்ஸில் சேர்த்துவிட்டேன். ஃபீஸ் கட்ட இன்னும் நாள் இருந்தது.

மார்ச் 17, சனிக்கிழமை. இந்தியா - வங்காளதேசம். நாம் 191-க்கு ஆல் அவுட். சரி, பவுலிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தோம். தமீம் இக்பால் என்று ஒரு பையன் வந்தான். இன்னும் 18 முடியவில்லை, என்னைவிடச் சின்னவன். ஜாகீர் கான் பந்தை இறங்கி வந்து தூக்கி அடித்தான். 51 ரன். ஐந்து விக்கெட்டில் வங்காளதேசம் வெற்றி. அதே நாள் இன்னொரு ஊரில் பாகிஸ்தான் 132-க்குச் சுருண்டு, அயர்லாந்திடம் தோற்றது. இந்தியா - பாகிஸ்தான் மோதலில் பாதி ஒரே ராத்திரியில் ஆட ஆரம்பித்துவிட்டது. மீதிப் பாதி போயே போச்சு.

19-ம் தேதி பெர்முடாவை 413 ரன் அடித்து நொறுக்கினோம். உலகக் கோப்பையில் ஒரு அணி 400-ஐத் தாண்டியது அதுதான் முதல் தடவை. தெருவில் இரண்டு வீடு கூடுதலாகப் பணம் தர முன்வந்தது. 23-ம் தேதி இலங்கையிடம் 69 ரன்னில் தோற்றோம். இரண்டு வீடும் கதவைச் சாத்திக்கொண்டது.

அப்போதும் ஒரு நூலிழை பாக்கி. 25-ம் தேதி பெர்முடா வங்காளதேசத்தை ஜெயித்துவிட்டால் ரன் ரேட்டில் இந்தியா உள்ளே! பெர்முடா டீமில் டுவைன் லெவராக் என்று ஒருவர். சுமார் 127 கிலோ. சொந்த ஊரில் கைதிகள் வேன் ஓட்டுகிறவர். நாலு நாளைக்கு முன்னால் 'யாரடா இந்தக் குண்டன்' என்று நாங்கள் சிரித்த மனுஷன். தெருமுனை அம்மன் கோயிலில் அவருக்காக நான் தேங்காய் உடைத்தேன். பெயர், நட்சத்திரம் கேட்ட குருக்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், 'சுவாமி பேருக்கே பண்ணிடுங்க' என்றேன்.

சுவாமி கிரிக்கெட்டில் தலையிடுவதில்லை. வங்காளதேசம் சுலபமாக ஜெயித்தது.

மறுநாள் காலையிலிருந்து 23 வீடும் வசூலுக்கு வந்தன. என்னிடம்! கடைக்காரரிடம் ஓடினேன். 'அட்வான்ஸ் திரும்பாது தம்பி. திரும்பினா அதுக்குப் பேரு கடன்' என்று தத்துவம் சொன்னார். ஃபீஸ் கட்ட நாலே நாள். இரவு சாப்பிட்டு முடித்து அப்பா பீடி பற்ற வைக்கிற நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தத் தேதில மேட்ச் நடக்குமா, நடக்காதா?"

"நடக்கும்ப்பா. ஆனா இந்தியா இல்ல. அயர்லாந்தும் வங்காளதேசமும்."

"துட்டு குடுத்தாச்சுல்ல?"

"ம்."

"அப்ப போடு. ஊர்க்காரன் துட்டு. சொன்ன நாள்ல திரை கட்டணும்."

மறுநாள் அவரே கடைக்காரரிடம் வந்தார். 'பாக்கி 1,500 எதுக்கு? இந்தியா - பாகிஸ்தானுக்குச் சொன்ன ரேட்டு அது. இப்ப உங்க சாமானை எவன் கேக்கறான்?' கடைக்காரர் யோசித்தார். அன்றைக்கு வேறு ஒரு புக்கிங்கும் இல்லை. குடுத்த 2,000-க்கே எல்லாம் வந்து இறங்கியது. மூன்று வருஷம் பி.காம். படித்தும் மண்டையில் ஏறாத டிமாண்டு - சப்ளை, கைநாட்டு அப்பாவிடம் ஐந்து நிமிஷத்தில் ஏறியது. ஃபீஸை அபராதத்தோடு கட்டினார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 15. நாற்காலி நாற்பது, ஆட்கள் பதினொன்று. அதில் இரண்டு பேர் டீக்காக வந்தவர்கள். முன்வரிசை நடுவில் அப்பா, தோளில் துண்டோடு. கிரிக்கெட் என்றால் அவருக்கு எல்.பி.டபிள்யூ. எது, லெக் பை எது என்று தெரியாது.

"யாருடா ஜெயிப்பான்?"

நான் விடுவேனா? "வங்காளதேசம்தான்ப்பா. போன வாரம் சவுத் ஆப்பிரிக்காவையே தோக்கடிச்சிருக்காங்க. அயர்லாந்து சும்மா. டீம்ல பாதி பேர் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்தவங்க. ஒருத்தர் தபால்காரர், ஒருத்தர் ஸ்கூல் வாத்தியார். இவ்ளோ தூரம் வருவோம்னு தெரியாம, லீவை நீட்டிக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்காங்களாம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "லீவு போட்டா வந்திருக்கானுங்க? சம்பளம் புடிப்பானே?"

அவ்வளவுதான். அதிலிருந்து அயர்லாந்து அடித்த ஒவ்வொரு ரன்னுக்கும் அவர் கைதட்டினார். 243 ரன். வங்காளதேசம் 169-க்கு ஆல் அவுட். 74 ரன் வித்தியாசத்தில் அயர்லாந்து வெற்றி. நடுராத்திரி தாண்டி, திரையைச் சுருட்டும்போது அப்பா என்னிடம் சொன்னதுதான் நான் இன்று வரை கிரிக்கெட்டில் கற்ற ஒரே பாடம்.

"முடியோட வந்து இறங்கறப்ப எல்லாத் தோலும் நல்ல தோல்தான்டா. சுண்ணாம்புல போட்டு முடி எடுத்தாதான் எதுல கீறல், எதுல உண்ணி கடிச்ச ஓட்டைன்னு தெரியும். அதுக்கு முன்னாடியே மொத தரம்னு எழுதற ஆளு எங்க ஷாப்புல ஒரு வாரம் நிக்க மாட்டான்."

எங்கள் அக்கவுண்டன்சி புத்தகத்திலும் இதுதான் இருந்தது: வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றே பணம் ஒதுக்கி வை, வரப்போகிற லாபத்தை வருவதற்கு முன் எழுதாதே. பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கினேன். 850 ரூபாய் ஃபீஸ் கட்டி!

வெறும் எனக்கு மட்டும் நடந்தால் சொல்ல மாட்டேன். 1983-ல் இங்கிலாந்தில் ஒரு கிரிக்கெட் பத்திரிகை ஆசிரியர், டேவிட் ஃப்ரித், இந்தியா மாதிரி சோப்ளாங்கி டீம்கள் உலகக் கோப்பையிலிருந்து விலகிவிடலாம் என்கிற மாதிரி எழுதினார். அவர் மேலும் தப்பில்லை. அதற்கு முன் இரண்டு உலகக் கோப்பைகளில் நாம் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச், அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவை. ஜூன் 25 அன்று கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். 'எழுதினதைத் தின்னுங்கள்' என்று வாசகர் ஒருவர் கடிதம் போட, அந்த மனுஷன் நிஜமாகவே காகிதத்தை வாயில் போட்டு, படமும் எடுத்து வெளியிட்டார். நான் இதுவரை எழுதினதற்கெல்லாம் அப்படிச் செய்தால் வீட்டில் சமைக்கவே வேண்டாம்.

அதனால் இப்போது யாராவது கேட்டால் டீமைப் பார்ப்பதற்கு முன் அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறேன். 2007-ல் பிரிவுச் சுற்றில் அணிக்கு மூன்றே மேட்ச். ஒரு நாள் வயிறு சரியில்லை என்றால் விமானம் ஏற வேண்டியதுதான். 1992-ல் ஒவ்வொரு அணிக்கும் எட்டு லீக் மேட்ச். பாகிஸ்தான் இங்கிலாந்திடம் 74-க்கு ஆல் அவுட் ஆகியும், மழை வந்து ஒரு பாயின்ட் கொடுத்து, ஆஸ்திரேலியாவைவிட அந்த ஒரே பாயின்ட் கூடுதலாக நாலாவது இடம் பிடித்து, கடைசியில் கோப்பையையே வாங்கிப் போனது. 2011-ல் ஆறு லீக் மேட்ச். நாம் தென்னாப்பிரிக்காவிடம் தோற்று, இங்கிலாந்துடன் 'டை' செய்தும் தேறினோம், ஜெயித்தோம். நல்ல டீம் தேறுவதற்கு நிறைய மேட்ச் வேண்டும். மேட்ச் குறையக் குறையத் தபால்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று, நாலு பேரைச் சொல், ஒருத்தரைச் சொல்லாதே. ஒரு அணி பத்துக்கு ஏழு மேட்ச் ஜெயிக்கிற வலிமை உள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரை இறுதி, இறுதி இரண்டையும் அடுத்தடுத்து ஜெயிக்க அதற்கு நூற்றுக்கு 49 வாய்ப்புத்தான். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். நாணயம் சுண்டுவதைவிட மோசம்!

இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஆசாமி 2023-ல் என்ன செய்தான் தெரியுமா?

அக்டோபர் 8, சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவை 199-க்கு உருட்டினோம். அடுத்த மேட்ச்சும் தென்னாப்பிரிக்காவிடம் அவர்களுக்குத் தோல்வி. 'ஆஸ்திரேலியா இந்தத் தடவை அவுட்' என்று பட்டியலில் பேனாவால் அடித்தேன். பென்சிலால் இல்லை, பேனாவால். இந்தியா பத்துக்குப் பத்து. தீபாவளி நவம்பர் 12. பையன்கள் கேட்கக் கேட்க, பாதிப் பட்டாசை எடுத்துப் பரணில் வைத்தேன். ஃபைனல் 19-ம் தேதி. 'ஜெயிச்சதும் வெடிக்கலாம்டா!'

முதல் நாள் ராத்திரி அப்பா கேட்டார். தோல் ஷாப்பை விட்டு வருஷமாயிற்று. ஈஸி சேர்தான் இப்போது உத்தியோகம்.

"என்னடா, மேல என்னத்தையோ வெக்கற?"

"பட்டாசுப்பா. நாளைக்கு நாமதான். பத்துக்குப் பத்து ஜெயிச்சிருக்கோம்."

"பத்து சரி. பதினொண்ணாவத சுண்ணாம்புல போட்டாச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. அகமதாபாத்தில் நாம் 240. ட்ராவிஸ் ஹெட் ஒருவரே 137. ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் ஜெயித்தது. நான் பேனாவால் அடித்த அதே ஆஸ்திரேலியா.

பட்டாசு ஒரு வாரம் பரணிலேயே கிடந்தது. 26-ம் தேதி கார்த்திகை தீபம். வாசலில் அகல் வைத்துவிட்டு, பையன்கள் கெஞ்சியதால் இறக்கினேன். அப்பா ஈஸி சேரை வாசலுக்குப் போடச் சொல்லி, ஒரு மத்தாப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். பற்ற வைத்தேன். பொரிந்து பொரிந்து எரிந்தது. அது முடிகிற வரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பரவால்லடா, நமுத்துப் போகல. அடுத்த பெட்டியும் எடு."