எடையைக் கேட்டவரும் கேட்டுக்கொண்டிருந்தவர்களும்



நான் ஜீவனம் நடத்தும் இந்த மிச்சிகன் மாகாணத்தில், மதத்தையும் நிறத்தையும் வயதையும் காரணம் காட்டி ஒருவருக்கு உத்தியோகத்தை மறுக்கலாகாது என்று 1976ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட சட்டத்தில், அவற்றோடு ஒருங்கே உயரமும் உடல் எடையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. நியூயார்க் நகரம் இதே நியாயத்தை 2023இல்தான் எட்டிப்பிடித்தது. ஆயினும் சட்டம் முதலாளியின் கையைக் கட்டுமேயன்றிப் பரிகசிப்பவன் நாவைக் கட்டாது.

அந்த நாவின் பிரதாபத்தைச் சென்னையில் 2025 நவம்பரில் கண்டோம். '96' படத்தில் இளம் ஜானுவாக நடித்த கௌரி கிஷனைப் பற்றி, புதுப்படம் ஒன்றில் அவரைத் தூக்கிய கதாநாயகரிடம், அந்நடிகையின் எடை என்னவென்று பத்திரிகையாளர் சந்திப்பொன்றில் ஒருவர் வினவியிருந்தார். சில தினங்களுக்குப்பின் நடந்த சந்திப்பில் அக்கேள்வியின் அநாகரிகத்தை அப்பெண் எடுத்துரைத்தபோது, கேட்டவர் உரத்த குரலில் வாதாடினார். மேடையிலிருந்த நாயகரும் இயக்குநரும் வாய் திறக்கவில்லை. நடிகர் சங்கத்தின் கண்டனமும், நாயகர் தம் மௌனத்துக்காகத் தெரிவித்த வருத்தமும் பின்னர் வந்தன. கேட்டவர் ஒருவர்தாம், அவருக்குத் துணிவு தந்ததோ சபையின் மௌனம். என் ஆத்திரம் முக்கியமாக அந்தச் சபையின் மீதுதான்.

ஏனெனில் இந்தப் பரிகாசம் ஒருபோதும் தனிமையில் நிகழ்வதில்லை. 'ஓமக்குச்சி', 'குண்டு' என்ற அடைமொழிகளோடு நகைச்சுவை நடிகர்கள் நரசிம்மனையும் கல்யாணத்தையும் திரையில் உலவவிட்டு, அவர்கள் நடிப்புத் திறனைக் காட்டிலும் தேகத்தையே நகைப்புக்குரிய சரக்காக்கியது நம் சினிமா. கொட்டகையில் கைதட்டியவர்கள் நாம். தாது வருஷப் பஞ்சத்தில் எலும்புந்தோலுமான சரீரங்களைக் கண்டு கலங்கிய நம் சேலம் ஜில்லாவிலே, சற்றே பூசினாற்போன்ற தேகத்தை லட்சுமி கடாட்சம் என்று போற்றிய பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தேகத்தை ஏளனம் செய்கிறார்கள். அளவுகோல் மாறிற்றேயன்றி, அடுத்தவர் சரீரத்தை அளக்கும் வழக்கம் மாறவில்லை.

"உடம்பப் பாத்துக்கன்னு நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்பார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் மிகை எடையுடையோர் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுவது மெய். அதனால் விளையும் வியாதிகளும் மெய். ஆனால் பரம்பரை, பிரசவம், தைராய்டு கோளாறு, உட்கொள்ளும் மருந்து, உதயம் முதல் அந்தி வரை தறிக்குழியில் கால் தொங்கவிட்டு அமர்ந்தே செய்யும் தொழில் என்று எத்தனையோ காரணங்கள் கூடிச் சமைத்த ஓர் உடம்பை, பந்தியிலே பத்துப்பேர் முன்னிலையில் ஒரு சொல்லால் இளைக்கவைத்த வைத்தியர் எவருமில்லை. அவமானப்பட்டவள் அடுத்த விசேஷத்துக்கு வராமல் வீட்டோடு இருந்துவிடுகிறாள், அவ்வளவே பலன். ஒல்லியாயிருப்பவளைக் கண்டு "சோறு போடுறாங்களா இல்லையா?" என்பதும் இதே ஜாதிக் குறும்புதான்.

ஆகவே ஜலகண்டாபுரத்து அன்பர்களே, வருகிற முகூர்த்த நாளில் நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் எவரேனும் ஒரு பெண்ணின் பருமனை எடுத்துப் பேசத் தொடங்கினால், தயவுசெய்து நீங்கள் சிரிக்காதீர்கள். நீங்கள் உறவில் மூத்தவரெனின், "போதும், நிறுத்துப்பா" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.