வீங்கிய பற்றறி

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. இணுவிலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். தளர்ந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டோம். 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயன் மின்கலத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததை நாம் எங்கே அறிந்தோம்!

அண்மையில் ஊர் சென்றிருந்தேன். ஒன்றுவிட்ட தம்பியின் தச்சுப் பட்டறையில், துளையிடும் கருவியின் பற்றறி வீங்கியிருந்தது.

"அண்ணை, வெயிலில வைச்சுப் பாப்பமே?" என்றான்.

பதறிப்போனேன். பழைய உலர்மின்கலம் அல்ல இது. வீக்கத்துக்குக் காரணம் உள்ளே உண்டான வாயு. வெயில் பட்டாலோ, குத்துப்பட்டாலோ, மீண்டும் சார்ஜ் ஏற்றினாலோ உள்வெப்பம் தானே பெருகித் தீப்பற்றக்கூடும். சுற்றிலும் மரத்தூள் வேறு. கெட்ட கலம் ஒன்றை மட்டும் மாற்றுவதும் ஆபத்து. கருவிக்குரிய முழுத் தொகுதியையுமே மாற்ற வேண்டும். குப்பையில் எறியவும் கூடாது.

முனைகளில் நாடா ஒட்டி, மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வைத்து முற்றத்து நிழலுக்குக் கொண்டுபோனான். விற்ற கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். சொன்னேனே தவிர, பற்றறி ஒன்றைக் கைவிடுவதற்கு எனக்கும் மனம் எளிதில் இசையவில்லை.