இரண்டு இடைநிறுத்தங்கள்

இலண்டன் மாநகரில் வாழும் நம் தமிழ்க் கத்தோலிக்க மக்களிடையே நான் பணியாற்றிய காலத்தில், 2016ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சியொன்று இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. அதில் பிழை செய்தவன் நான். ஆகவே அதனை எழுதும் கடமையும் எனக்கே உரியது.

புலம்பெயர்ந்து அங்கு சென்ற நம்மவர் பலருக்குக் கைகொடுத்த தொழில்களுள் கடை வாயிலில் நின்று காவல் புரியும் தொழிலும் ஒன்று. ஒப்பந்தக் கம்பனியின் சார்பில் இவ்வேலையைச் செய்பவர் அரசின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்கவேண்டும் என்பது 2001ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழிற் சட்டத்தின் விதி. மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் அந்த அட்டையைப் பணிநேரத்தில் பிறர் கண்ணிற்படும்படி அணிந்திருத்தல் வேண்டும். அட்டையின்றிக் காவலுக்கு நிற்பது சிறைத்தண்டனைக்கும் உரிய குற்றம்.

நம் திருப்பலிக் கூட்டத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பல ஆண்டுகளாக ஒரு பேரங்காடியின் வாயிலில் காவலராக நின்றார். ஞாயிறுதோறும் காணிக்கைக் கூடை ஏந்தும் நால்வருள் அவரும் ஒருவர். ஒருநாள் மாலை, பணம் செலுத்தாமல் பொருளோடு வெளியேறிய இளைஞன் ஒருவனை அவர் மறித்தார். இழுபறியில் இளைஞன் விழுந்து காயமுற்றான். காவலர் தன்னை அடித்ததாக அவன் முறையிட, காவல்துறை அவர்மீது வழக்குத் தொடுத்தது. சில நாட்களில் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது. அன்று முதல் வேலையும் இல்லை, ஊதியமும் இல்லை.

அந்த விதியை நான் குறை கூறேன். பொதுமக்களின் பாதுகாப்பை ஒருவர் கையில் ஒப்படைக்கும் அரசு, ஐயம் எழும்போது அதனைச் சிலகாலம் திரும்பப் பெற்றுக்கொள்வதில் நியாயம் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு.

செய்தி நம் மக்களிடையே பரவியது. "வழக்குள்ள ஒருவர் கூடையோடு வருவது சரியா?" என்று ஓரிருவர் என்னிடம் கேட்டனர். முணுமுணுப்புக்கு அஞ்சிய நான் அவரை அழைத்து, "எல்லாம் முடியும் வரைக்கும் கொஞ்சம் ஓய்வாய் இருங்கோ" என்றேன். அவர் மறுத்தொரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு முதல் கடைசி வாங்கில் அமர்ந்தார். திருப்பலி முடிந்து நான் வாயிலுக்கு வருமுன்னரே போய்விடுவார்.

இரண்டு மாதங்கள் கழிந்தபின் ஒரு மாலை என்னைத் தேடி வந்தார். வழக்கறிஞரிடமும் பின்னர் அனுமதிப்பத்திரம் வழங்கும் ஆணையத்திடமும் கொடுப்பதற்கு ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்றார். "இப்பவும் வேலைக்குப் போற நேரத்துக்கு முழிப்பு வந்திடுது, சுவாமி. எழும்பி உடுப்பை மினுக்கிவைச்சிட்டு இருக்கிறன்" என்றார். நான் மனம் இளகி உடனே எழுதிக்கொடுத்தேன். பல ஆண்டுகளாக அறிந்தவர், நேர்மையாளர், கோபத்துக்கு இடங்கொடாதவர், எங்கள் சமூகத்தின் முழு நம்பிக்கைக்கு உரியவர் என்று எழுதி ஒப்பமிட்டேன்.

அவர் கடிதத்தை இருமுறை வாசித்தார். பின்பு மெதுவாகக் கேட்டார்: "சுவாமி, இதில எழுதியிருக்கிறது உண்மையெண்டால், நான் ஏன் கூடை பிடிக்கக் கூடாது?"

என்னிடம் மறுமொழி இல்லை.

அன்றிரவு, குருமடத்தில் கற்ற 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பை எடுத்துப் புரட்டினேன். அன்றிருந்த 1333ஆம் சட்டத்தின்படி இடைநிறுத்தம் என்னும் தண்டனை திருநிலையினருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. பொதுநிலையினர்மீது அதனை விதிக்க அன்று இயலாதிருந்தது. குருக்களாயினும் முன்கூட்டி ஒருமுறையேனும் எச்சரித்து, திருந்துவதற்குத் தகுந்த காலம் கொடுக்கவேண்டும் என்கிறது 1347ஆம் சட்டம். உள்ளம் திருந்தியவருக்குத் தண்டனை நீக்கத்தை மறுக்கலாகாது என்கிறது 1358ஆம் சட்டம். இவை குணப்படுத்தும் தண்டனைகள் என்று ஒருகாலத்தில் தேர்வுத்தாளில் எழுதியவன் நான். குற்றவாளிக்கே இத்துணை வழிகளைத் திருச்சபை திறந்துவைத்திருக்க, குற்றம் நிறுவப்படாத ஒருவருக்கு நான் ஒரு வழியையும் வைக்கவில்லை. அரசின் கடிதத்திலாவது காரணம் எழுதப்பட்டிருந்தது. என் இடைநிறுத்தத்தில் அதுவும் இல்லை.

மறுநாள் காலை அவருக்குத் தொலைபேசியில் அழைப்பு எடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஞாயிறன்று அவர் கூடை ஏந்தினார். "தீர்ப்பு எதிராக வந்தால் என்ன செய்வது, சுவாமி?" என்று ஒருவர் கேட்டார். "அப்போதும் அவர் நம்முடைய ஆள்தான்" என்றேன். ஆண்டவரை மும்முறை மறுதலித்த பேதுருவைத் திபேரியக் கடற்கரையில் யாரும் பதவிநீக்கம் செய்யவில்லை. மும்முறை கேட்கப்பட்ட கேள்வி அன்பைப் பற்றியது. அதைத் தொடர்ந்து கிடைத்தது ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு.

பின்னர் நீதவான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அத்துடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. தீர்ப்பின் விவரத்தை ஆணையத்துக்கு அனுப்பி, அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இறுதியில் இடைநிறுத்தம் நீங்கியது. அந்த ஞாயிறன்று அவர் அட்டையைக் கொண்டுவந்து ஆசீர்வதிக்கும்படி நீட்டினார். ஆசீர்வதித்தேன். திருப்பலிக்குப் பின் அவருடைய மனைவி எல்லோருக்கும் தேநீரும் கேக்கும் கொடுத்தார். கூடையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டவர்களும் வாங்கிக் குடித்தனர்.

அரசு திருப்பித் தந்தது பதிவாகிவிடும். நாம் பறித்ததற்கும் திருப்பித் தந்ததற்கும் பதிவேடு கிடையாது. அதனாலேயே நம்முடைய இடைநிறுத்தங்கள் பல முடிவின்றி நீளுகின்றன. வழக்கில் சிக்கியவர், வேலையிழந்தவர், சிறை சென்று மீண்டவர் என்று ஒருவர் உங்கள் பங்கிலும் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கக்கூடும். அடுத்த ஞாயிறு அவர் அருகே போய் அமருங்கள். காரணம் கேட்கவேண்டாம். சமாதானம் கூறும் வேளையில் முதலில் அவருக்குக் கை கொடுங்கள்.