திறவாத ஏடு

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒருநாட் பிற்பகல், எனக்குத் தமிழ் கற்பித்துக் காலஞ்சென்ற ஆசிரியரின் மகளார் துறைக்கு வந்து என்னைக் கண்டார். தந்தையார் எழுதியவற்றைத் தொகுத்து நூலாக்கக் கருதியிருப்பதாகவும், 2002-ஆம் ஆண்டு நம் கல்லூரி மலரில் வெளிவந்த மடைப்பெயர்க் கட்டுரை மட்டும் கிட்டவில்லை என்றும் கூறினார். தாமிரபரணிப் பாசனத்துச் சிற்றூர்தோறும் மிதிவண்டியிற் சென்று, குளங்களின் மடைகளுக்கு வழங்கும் பெயர்களை உழவர்வாய்க் கேட்டறிந்து ஆசிரியர் வரைந்த கட்டுரை அது. "அதற்கென்ன அக்கா, நாளைக்கே தந்துவிடுகிறேன்" என்றேன். அச்சொல்லை நிறைவேற்ற மூன்று திங்கள் ஆயின.

நூலகத்தில் அவ்வாண்டு மலர் இருந்தது; ஆயின் கட்டுரையின் முதலிரண்டு பக்கங்களை விட்டு மிச்சத்தைக் கறையான் உண்டிருந்தது. பழைய மாணவர் பலருக்கு எழுதினேன். பெரும்பாலோர் தம் வகுப்புப் படமுள்ள தாளை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மலரைத் தொலைத்திருந்தனர். (யானும் அவ்வாறு செய்தவனே, பிறரை நோவதற்கு எனக்கு உரிமையில்லை.)

நிற்க. அம்மலரின் மாணவ ஆசிரியனாயிருந்தவன் யான். பக்கங்களின் கோப்புகளைப் பதிந்த குறுவட்டொன்றை அச்சகத்தாரிடம் கேட்டு வாங்கி, இருபதாண்டுகளுக்கு மேலாகப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தேன். வீடு மாறும்போதெல்லாம், "இது எதற்கு?" என்று இல்லத்தார் கேட்பர், "பின்னொரு நாள் உதவும்" என்பேன். அந்நாள் வந்தது என்று களிப்போடு வட்டை எடுத்தேன். வட்டு பழுதின்றி இருந்தது. கோப்பும் இருந்தது. திறக்கத்தான் வழியில்லை.

அக்கோப்பு பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளிற் கோத்தது. இக்கால மாணவர் பலர் அதனைக் கண்டிரார். 1985-இல் ஆல்டஸ் நிறுவனத்தார் வெளியிட்டது. ஈய எழுத்தும் அச்சுக்கட்டையுமின்றி மேசைமேலேயே பக்கம் கட்டும் முறை அதனாற் பெரிதும் பரவிற்று. 1994-இல் ஆல்டஸ் அடோபியோடு இணைந்தது. 1999-இல் இன்டிசைன் என்னும் புதிய மென்பொருள் தோன்றியது. 2001-இல் வந்த 7.0 பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. நம் நாட்டு அச்சகங்கள் அதன் பின்னும் நெடுங்காலம் அதனையே கையாண்டன. அதன் கோப்புகளை இன்டிசைன் ஏற்றுக்கொண்டதும் 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு வரையிலேதான். என் மேசைமேலிருந்ததோ அதற்கு மிகப் பிந்திய பதிப்பு.

சிஎஸ்6 உள்ள பழங்கணினி ஒன்றைப் பழைய மாணவர் ஒருவர் தம் கடையிலிருந்து கொணர்ந்தார். கோப்பு திறந்தது. ஆசிரியர் தலைப்பிற்கு மேல் இடுவித்த தாமரைச் சித்திரம் முதலிற் கண்ணிற் பட்டபோது என் உள்ளம் நெகிழ்ந்தது. அதன்கீழ்த் தமிழ் இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் பொருளின்றி விரவிப் பக்கம் முழுதும் நிறைந்திருந்தன.

காரணம் இதுவே. யூனிகோடு முறையில் தமிழெழுத்துகளுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. ஆனால் பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாது. ஆதலின் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துருக்களை அச்சகத்தார் பயன்படுத்தினர். கோப்பினுள் இருப்பது எண். தமிழ் இருப்பது எழுத்துருவில். எழுத்துருவோ கோப்பினுள் அடங்காது. தனியே வைத்தல் வேண்டும். யான் ஆடையைப் பெட்டியிற் பூட்டி, உடுத்தவரை வெளியே விட்டிருந்தேன். அவ்வச்சகம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. பழைய முறைகளை யூனிகோடாக மாற்றும் கருவிகள் உள. அச்சகத்தார் தம் வசதிக்கென இடம் மாற்றியமைத்த அவ்வெழுத்துருவோ அவற்றுள் எதனோடும் பொருந்தவில்லை.

கணினித்துறையில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருத்தி, கறையான் விட்டுவைத்த இரண்டு பக்கங்களையும் வாங்கிப் பார்த்து, "ஐயா, இந்த இரண்டு பக்கம் போதும்" என்றாள். அச்சிட்ட பக்கத்தை ஒருபுறமும் குறிக்குவியலை மறுபுறமும் வைத்துக்கொண்டு, இக்குறி இவ்வெழுத்து என்று அட்டவணை எழுதத் தொடங்கினாள். 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகக் கோப்பில் நின்றன. யூனிகோடில் ககரமே முன்னர் வரும். அதனைச் சீர்செய்யாதவரை ஏகார ஐகாரங்களெல்லாம் அண்டை எழுத்தின்மேல் ஏறிக்கொண்டன. ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே குறி. பதினொரு மாலைகள் அவள் உழைத்தாள். யான் அருகிலிருந்து தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

எஞ்சிய இடர் ஒன்று. ரகர ஒற்றெழுதக் காலின்மேற் புள்ளியிடுவது தட்டச்சிலிருந்து வந்த வழக்கம். எங்கள் மலரைத் தட்டியவர் அவ்வழக்கத்தின் மிகுதியால் ரகரம் வரும் இடமெல்லாம் காலையே இட்டுச் சென்றிருந்தார். அச்சில் அது கண்ணுக்குத் தோன்றவில்லை. மெய்ப்புத் திருத்திய எனக்கும் அன்று தோன்றவில்லை. ஓலைச்சுவடிகளிலும் காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமையில்லை, மெய்க்குப் புள்ளியுமில்லை. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையரவர்கள் பட்ட பாட்டில் ஒரு சிறுதுளியை, குறுவட்டிலிருந்து யானும் பருக நேர்ந்ததை எண்ணி நகைத்தேன். பெரும்பாலான சொற்களைப் பொருள் நோக்கித் தெளிந்தோம். மடைப்பெயர் ஒன்று மட்டும் தெளியவில்லை: கரடிமடையோ காடிமடையோ? மலையடிவாரத்துக் குளமாதலின் கரடி நீரருந்த வந்திருக்கும் என்று யான் துணிந்தேன். மாணவியும் உடன்பட்டாள். மகளார் மட்டும், "அப்பா ஒரு பெயரையும் கேளாமல் எழுதமாட்டார், நாமும் கேட்டுவிடுவோமே, தம்பி" என்றார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறன்று மூவரும் அவ்வூருக்குச் சென்றோம். கரையிலே ஆடு மேய்த்திருந்த முதியவர் ஒருவரை, "தாத்தா, இந்த மடைக்குப் பேர் கரடிமடையா?" என்று வினவினேன்.

"கரடி இங்கன எங்க வந்துச்சு, சார்வாள்? காடிமடைல்லா. மாட்டுக்குத் தண்ணி காட்டுத கல்லுக்காடி அந்தா கெடக்கு பாருங்க" என்றார்.

கரைக்குக் கீழே, சேற்றிற் பாதி புதைந்து, வாய் உடைந்த கற்றொட்டி ஒன்று கிடந்தது. மகளார் இறங்கிச் சென்று அதன்மேற் கைவைத்து நெடுநேரம் நின்றார். "மிதிவண்டியில ஒருத்தர் வந்து இதையேதான் கேட்டாரு, ரொம்ப வருசத்துக்கு முந்தி" என்றார் முதியவர்.

அன்றிரவே மெய்ப்பில் ரகரத்தை எடுத்துவிட்டுக் காலை இட்டேன்.